கேவிஎம் இன்டரப்ட் சிப்: முழுக்க கெர்னலிலா, பாதி கியூஎமுவிலா?

லினக்ஸ் மெஷினில் கேவிஎம் (கெர்னலிலேயே உள்ள விர்ச்சுவலைசேஷன்) மேல், விண்டோஸ் விஎம் (மெய்நிகர் கணினி) ஒன்றுக்கு கிராபிக்ஸ் கார்டை பாஸ்த்ரூ கொடுத்து, அதாவது நேரடியாக ஒப்படைத்து, ஓட்டுகிறேன். விஎம்மின் ஹார்ட்வேரை எமுலேட் செய்யும் ப்ரோக்ராம் கியூஎமு. சாதனங்கள் சிபியுவைக் கூப்பிடும் சைகையான இன்டரப்ட்டை விஎம்முக்குக் கொண்டுசேர்க்கும் சிப்பை எங்கே ஓட்டுவது என்பதை அதன் கெர்னல்-ஐஆர்க்யூசிப் ஆப்ஷன் தீர்மானிக்கும். அதை 'ஆன்' என்றே வைத்திருக்கிறேன். விஎஃப்ஐஓ (பாஸ்த்ரூவுக்கான கெர்னல் டிரைவர்) வழியாகச் சாதனம் கொடுக்கும் யார் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வேன்.

'ஆஃப்' என்றும் ஒன்று உண்டு. லோக்கல் ஏபிக் (ஒவ்வொரு சிபியுவுக்கும் உள்ள இன்டரப்ட் கன்ட்ரோலர்) உட்பட எல்லாமே கியூஎமு ப்ராசஸுக்குள் ஓடும், மெதுவாக ஓடும். டீபக் செய்ய வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

மீதி இருப்பது 'ஆன்', 'ஸ்ப்ளிட்'. இரண்டிலும் லோக்கல் ஏபிக் கெர்னலில்தான். சாதனங்களின் இன்டரப்ட் லைன்களை வாங்கி அனுப்பும் ஐஓ-ஏபிக்கும், அதே வேலைக்கான பழைய 8259 சிப்பும் எங்கே இருக்கின்றன என்பதில்தான் வித்தியாசம்: 'ஆன்' என்றால் கெர்னலில், 'ஸ்ப்ளிட்' என்றால் கியூஎமுவில். லைன் இல்லாமல், மெமரியில் எழுதுவது போலவே இன்டரப்ட் அனுப்பும் எம்எஸ்ஐ, எம்எஸ்ஐ-எக்ஸ் சாதனங்களுக்கு இது பொருட்டே இல்லை. அவை ஐஓ-ஏபிக் பக்கமே போகாமல் நேராக லோக்கல் ஏபிக்கில் போய் விழும். என்விஎம்இ டிஸ்க், விர்ட்டியோ (விஎம்முக்கென்றே உள்ள மெய்நிகர் சாதனங்கள்) மட்டும் உள்ள விஎம் என்றால் எதை வைத்தாலும் ஒன்றுதான்.

பிரச்சினை ஐஎன்டிஎக்ஸில், அதாவது லைன் வழியாக வரும் பழைய வகை பிசிஐ இன்டரப்டில். இது லெவல் ட்ரிகர் வகை, அதாவது சாதனத்தை டிரைவர் கவனித்து முடிக்கும்வரை லைன் உயர்ந்தே நிற்கும். அதனால் இன்டரப்ட் வந்ததும் ஹோஸ்டில் விஎஃப்ஐஓ அந்த லைனை மாஸ்க் செய்துவிட்டு (தற்காலிகமாக அடைத்துவிட்டு) விஎம்முக்குத் தகவல் அனுப்பும். விஎம் வேலையை முடித்து ஈஓஐ ('இன்டரப்ட் முடிந்தது' என்ற சைகை) போட்டால்தான் மாஸ்க் எடுக்கப்படும், அடுத்த இன்டரப்ட் வரும். ஆக எல்லாமே அந்த ஈஓஐ யார் கண்ணில் படுகிறது, எவ்வளவு சீக்கிரம் படுகிறது என்பதில் இருக்கிறது. 'ஆன்' மோடில் ஐஓ-ஏபிக் கெர்னலிலேயே இருப்பதால், ரீசாம்பிள் ஐஆர்க்யூஎஃப்டி என்ற ஏற்பாடு அங்கேயே அதைப் பார்த்து விஎஃப்ஐஓவை எழுப்பிவிடுகிறது, கியூஎமுவுக்கு இதில் வேலையே இல்லை. ஸ்ப்ளிட்டில் ஈஓஐ ஒவ்வொன்றும் யூசர்ஸ்பேஸ் (கெர்னலுக்கு வெளியே கியூஎமு ஓடும் இடம்) வரை போய்த் திரும்ப வேண்டும்.

2019-இல் வந்த கியூஎமு 4.0, க்யூ35 மெஷினுக்கு (விஎம்முக்குக் காட்டும் மதர்போர்டு வகை) ஸ்ப்ளிட்டையே டீஃபால்ட் ஆக்கியது. ஸ்ப்ளிட்டில் அந்த ரீசாம்பிள் ஏற்பாடு அப்போது வேலையே செய்யாது, அதனால் ஐஎன்டிஎக்ஸ் நம்பியிருந்த பாஸ்த்ரூ கார்டுகள் முடங்கின. அப்புறம் 4.0.1-இலும் 4.1-இலும் பழையபடி 'ஆன்' ஆக்கினார்கள். கெர்னல் உதவி இல்லாத மாற்று வழி எப்படி இருக்கும் என்று பார்த்தால் ஏன் திரும்பினார்கள் என்பது புரியும்: இன்டரப்ட் வந்ததும் சாதனத்தின் மெமரி மேப்பிங்கை கியூஎமு கழற்றிவிடும், விஎம் அடுத்து ரெஜிஸ்டரைத் தொடுவதையே ஈஓஐ என்று ஊகித்துக்கொள்ளும், மேப்பிங்கைத் திருப்பி மாட்ட ஒரு டைமர், அதன் டீஃபால்ட் 1100 மில்லிசெகண்ட். கிராபிக்ஸ் கார்டுக்கு இது தாங்காது. 2020-இல் ஸ்ப்ளிட்டுக்கும் ரீசாம்பிள் கிக், அதாவது ஈஓஐ வந்ததும் கியூஎமுவே விஎஃப்ஐஓவை எழுப்பும் ஏற்பாடு, சேர்த்துவிட்டார்கள், இப்போது முடங்காது. ஆனாலும் ஈஓஐ கியூஎமுவைச் சுற்றித்தான் வருகிறது.

லிப்விர்ட்டில் (விஎம்களை நிர்வகிக்கும் கருவி) ஒன்றைக் கவனியுங்கள். விஎம் உருவாக்கும்போது மெஷின் டைப்பின் வெர்ஷன் எண்ணோடு எக்ஸ்எம்எல்லில் பதிந்துவிடும். கியூஎமுவை அப்டேட் செய்தாலும் பிசி-க்யூ35-4.0 என்று இருக்கும் விஎம் ஸ்ப்ளிட்டிலேயேதான் இருக்கும். ஃபீச்சர்ஸ் பகுதியில் ஐஓஏபிக் டிரைவர் 'கேவிஎம்' என்று ஒரு வரி போட்டால் 'ஆன்' ஆகிவிடும். உங்கள் சாதனம் ஐஎன்டிஎக்ஸா என்று அறிய ஹோஸ்டில் ப்ராக் இன்டரப்ட்ஸ் ஃபைலைப் பாருங்கள்: விஎஃப்ஐஓ-ஐஎன்டிஎக்ஸ் என்று வரி இருந்தால் ஆம், விஎஃப்ஐஓ-எம்எஸ்ஐ என்றால் இந்தக் கவலையே வேண்டாம். கிராபிக்ஸ் கார்டோடு ஒட்டி வரும் ஆடியோ ஃபங்ஷனையும் சேர்த்துப் பாருங்கள், விண்டோஸில் அது பல நேரம் ஐஎன்டிஎக்ஸிலேயே கிடக்கும், சத்தம் கரகரப்பதற்கு இது ஒரு காரணம்.

சரி, ஸ்ப்ளிட் யாருக்கு? முன்பின் தெரியாதவர்களின் விஎம்களை ஓட்டும் க்ளவுட் ஆட்களுக்கு. ஐஓ-ஏபிக் எமுலேஷன் கெர்னலில் இருந்தால் அதிலுள்ள ஓட்டை நேரே கெர்னல் ஓட்டை. 2013-இல் வந்த சிவிஇ-2013-1798 என்ற பாதுகாப்பு ஓட்டை அப்படிப்பட்டதுதான், விஎம்முக்குள் இருந்தபடியே ஹோஸ்ட் கெர்னல் மெமரியைப் படிக்கவோ ஹோஸ்டைக் கவிழ்க்கவோ வழி விட்டது. அந்த எமுலேஷனை யூசர்ஸ்பேஸுக்குத் தள்ளுவது நியாயமான முடிவு, மறுக்க மாட்டேன். இன்டெல் ஐஓஎம்எம்யூ (சாதனங்களின் மெமரி அணுகலைக் கட்டுப்படுத்தும் யூனிட்) எமுலேஷனில் இன்டரப்ட் ரீமேப்பிங், அதாவது இன்டரப்ட்டை ஒரு டேபிள் பார்த்துத் திருப்பிவிடுவது, வேண்டுமென்றாலும் ஸ்ப்ளிட்தான், 'ஆன்' வைத்தால் கியூஎமு கிளம்பவே மறுக்கும். 255-க்கு மேல் விசிபியு (விஎம்முக்கான சிபியு) கேட்கும் பெரிய விஎம்களுக்கு அந்த ரீமேப்பிங் தேவைப்படும். அந்த அளவு மெஷினை நான் ஓட்டியதில்லை, அங்கே வேகம் எப்படி என்று என் அனுபவத்திலிருந்து சொல்ல எதுவும் இல்லை.

ஸ்ப்ளிட்டை விட முடியாத நிலையில் பாஸ்த்ரூவும் வேண்டுமென்றால், விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் அந்தச் சாதனத்துக்கு எம்எஸ்ஐசப்போர்ட்டட் மதிப்பை 1 ஆக்கி ரீபூட் செய்யுங்கள். எம்எஸ்ஐ தாங்கும் சாதனமாக இருந்தால் ஈஓஐ சுற்றுப்பாதையே அதற்கு இல்லாமல் போகும்.