ஆக்சலாட்டல் தொட்டிக்குச் சொட்டு டெஸ்ட் கிட்: நீண்டநாள் அனுபவம்

ஆக்சலாட்டல் (தண்ணீரிலேயே வாழும் சாலமாண்டர்) வளர்க்கத் தொடங்கியதிலிருந்து, தொட்டித் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் எடுத்துச் சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கும் டெஸ்ட் கிட்டைத்தான் நம்புகிறேன். நிறம் மாறும் காகிதப் பட்டையான ஸ்ட்ரிப்பும் கைவசம் உண்டு, அவசரத்துக்கு நனைத்துப் பார்க்கலாம். ஆனால் பல ஸ்ட்ரிப்களில் அம்மோனியாவுக்குக் கட்டமே இருக்காது. முதலில் தெரிய வேண்டியதே அதுதானே! ஆக்சலாட்டலுக்குச் செதில் இல்லாத மெல்லிய தோல், வெளியே விரிந்த செவுள். தண்ணீரில் எது கரைந்திருந்தாலும் நேராக உடம்பைத் தாக்கும்.

அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் 0. இதில் பேரமே இல்லை. நைட்ரேட்டை 20 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 20 பங்கு) வைத்திருக்கிறேன். பிஹெச் (தண்ணீரின் அமில-காரத் தன்மை) 7.4 - 7.6 இருந்தால் நல்லது, 6.5 முதல் 8 வரை தாங்கும். அதனால் பிஹெச்சை மருந்து ஊற்றி ஏற்றி இறக்கும் வேலையை நான் வைத்துக்கொள்வதில்லை.

கிட் காட்டுவது மொத்த அம்மோனியாவை. அதில் எவ்வளவு நஞ்சு என்பது பிஹெச்சையும் வெப்பத்தையும் பொறுத்தது. பிஹெச் 7-லிருந்து 8-க்கு ஏறினால் நச்சுப் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகிவிடும். ஆகவே அம்மோனியா நிறத்தை மட்டும் பார்த்து முடிவுக்கு வர முடியாது. கூடவே தெர்மாமீட்டரும் வேண்டும். 16 - 18 டிகிரி செல்சியஸ்தான் ஆக்சலாட்டலுக்குச் சுகம்.

கிட்டின் அருமை தெரிந்தது ஃபில்டர் பழுதாகிப் புதிதாக மாற்றியபோது. விலங்கு வழக்கம்போல் தின்றது, அசௌகரியத்தைக் காட்டும் விதமாகச் செவுள் நுனி முன்பக்கம் சுருளவும் இல்லை. ஆனால் நைட்ரைட் குழாய் நீலத்திலிருந்து ஊதாவுக்குப் போயிருந்தது. புது ஃபில்டரில் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா பெருகும்வரை, குளோரின் நீக்கிய தண்ணீரைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிச் சமாளித்தேன்.

குறைகளும் உண்டு. அம்மோனியாவில் 0-க்கும் 0.25-க்கும் நிற வித்தியாசம் மிகக் குறைவு. பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் தாளை ஒட்டிப் பிடித்துப் பார்த்தால்தான் பிடிபடும், மஞ்சள் பல்புக்குக் கீழே வித்தியாசம் தெரிவது கஷ்டம். நைட்ரேட்டின் இரண்டாவது பாட்டில் இன்னும் படுத்தல். மருந்து அடியில் தங்கிவிடும், அரை நிமிடமாவது பலமாகக் குலுக்கவில்லையென்றால் அளவு குறைவாகக் காட்டி ஏமாற்றும். கை வலிக்கும்தான். அப்புறம், அம்மோனியாவை நஞ்சில்லாத வடிவில் கட்டிவைக்கும் கண்டிஷனர் (தண்ணீரைப் பதப்படுத்தும் மருந்து) ஊற்றியிருந்தாலும் நிறம் மாறத்தான் செய்யும், பதற வேண்டாம்.

வாங்குபவர்கள் பாட்டிலில் காலாவதி தேதியைப் பார்த்து வாங்குங்கள். எனக்கு எப்போதும் அம்மோனியா பாட்டில்தான் முதலில் தீர்கிறது, அதை மட்டும் தனியாக வாங்கிக்கொள்கிறேன்.