திறந்த கிணற்றுக்கு மோனோபிளாக்: எச்.பி.யைப் பார்த்து வாங்காதீர்கள்

தொண்டாமுத்தூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணற்றில், கோவையில் தயாரான 5 எச்.பி. மோனோபிளாக் பம்ப் (மோட்டாரும் பம்பும் ஒரே ஷாஃப்ட்டில் சேர்ந்தது) ஓடுகிறது. மும்முனை மின்சாரம். பாக்குக்கும் வாழைக்கும் அதுதான் தண்ணீர் தருகிறது. மனநிறைவோடு சொல்கிறேன்: தண்ணீர் மட்டம் அதிக ஆழத்துக்குப் போகாத கிணற்றுக்கு இதைவிட நல்ல பம்ப் இல்லை.

ஆனால் கடையில் எல்லோரும் "எத்தனை எச்.பி.?" என்று மட்டும்தான் கேட்கிறார்கள். பம்பில் அடித்திருக்கும் தகட்டைப் படியுங்கள். என்னுடையதில் ஹெட், அதாவது தண்ணீரை ஏற்றும் உயரம், 14 முதல் 26 மீட்டர் வரை. கிணற்று நீர்மட்டத்திலிருந்து தொட்டியின் வாய் வரை உள்ள உயரமும், குழாயின் உராய்வுக் கணக்கும் சேர்ந்து இந்த எல்லைக்குள் அடங்க வேண்டும். உயரம் கூடினால் தண்ணீர் குறையும் என்பது எல்லோருக்கும் தெரியும். உயரம் மிகவும் குறைந்தாலும் கெடுதல்தான்: தண்ணீர் அதிகமாகப் பாயும், மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுக்கும், மோட்டாரின் கம்பிச்சுருள் சூடேறும்.

உள்ளே நடப்பது எளிது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,880 சுற்று சுழலும் இம்பெல்லர் என்ற இறக்கைச் சக்கரம், நடுவில் நுழையும் தண்ணீரை விளிம்புக்கு வீசுகிறது. நத்தைக்கூடு போன்ற உறை அந்த வேகத்தை அழுத்தமாக மாற்றுகிறது. நடுவில் அழுத்தம் குறைவதால், வெளிக்காற்றின் அழுத்தம் கிணற்று நீரைக் குழாயில் ஏற்றுகிறது. கணக்குப்படி அது 10 மீட்டர் வரை ஏற்றும். நடைமுறையில் 6, 7 மீட்டர்தான். அதனால்தான் எங்கள் பம்பைக் கிணற்றுக்குள்ளேயே மேடை கட்டி இறக்கி வைத்திருக்கிறோம்.

மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயரில் இருப்பது வேறு இனம், பிஸ்டன் பம்ப். அதன் வாயை அடைத்தால் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். உபரியைத் திருப்பிவிடும் வால்வு இல்லையென்றால் குழாய் வெடிக்கும். ஆனால் மோனோபிளாக்கில், தண்ணீர் வெளியேறும் குழாயிலுள்ள டெலிவரி வால்வை மூடினால் தண்ணீர் உள்ளேயே சுழலும், மின்சுமையும் குறையும். அதனால் நான் வால்வை மூடியே ஸ்டார்ட் செய்து, பிறகு மெல்லத் திறக்கிறேன். நெடுநேரம் மூடி வைத்தால் மட்டும் உள்ளிருக்கும் தண்ணீர் கொதித்துவிடும்.

மோனோபிளாக்கின் தொல்லை, தண்ணீரை உறிஞ்சும் சக்‌ஷன் குழாயின் அடியில் இருந்து நீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் ஃபுட் வால்வுதான். தோல் வாஷரில் மணல் சிக்கினால் சக்‌ஷன் குழாய் காலியாகிவிடும். குடத்தால் தண்ணீர் ஊற்றிக் குழாயை நிரப்பாமல் பம்ப் எடுக்காது. ஷாஃப்ட்டைச் சுற்றி அடைத்திருக்கும் கிளாண்ட் கயிற்றில் சொட்டுச் சொட்டாக நீர் கசிவதைக் கண்டு பயந்து நட்டை முறுக்கிவிடாதீர்கள். அந்தச் சொட்டுதான் ஷாஃப்ட்டைக் குளிர வைக்கிறது.

நீர்மூழ்கி மோட்டாருக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. பல இம்பெல்லர்களை அடுக்கிய அதுவும் இதே இனம்தான். ஆனால் பழுதானால் குழாயையெல்லாம் மேலே இழுக்க வேண்டும். காற்றை அனுப்பித் தண்ணீர் ஏற்றும் கம்ப்ரஸர், ஊற்றுக் குறைந்த ஆழ்குழாய்க்கு உதவும், மின்சாரத்தைத் தின்றுவிடும்.

கோடையில் உங்கள் நீர்மட்டம் பம்ப் வைக்கும் இடத்திலிருந்து 7 மீட்டருக்குக் கீழே இறங்குமானால், மோனோபிளாக் வாங்காதீர்கள், நீர்மூழ்கிக்குப் போங்கள்.