ஜப்பானில் கட்டிய ஓய்வூதியச் சந்தா: பினாங்கு விடுமுறையில் முடித்த வேலைகள்

ஜப்பானில் வேலை செய்துவிட்டு நாடு திரும்பும் வெளிநாட்டவர், அங்கே மாதந்தோறும் சம்பளத்தில் பிடிக்கப்பட்ட ஓய்வூதியச் சந்தாவின் ஒரு பகுதியை மொத்தத் தொகையாகத் திரும்பப் பெறலாம். மலேசிய அரசு 1982-ல் தொடங்கிய, ஜப்பானைப் போன்ற கிழக்காசிய நாடுகளைப் பின்பற்றும் கிழக்கு நோக்கும் கொள்கையின் வழியாக அங்கே படிக்கப் போய், படித்த கையோடு வேலைக்கும் சேர்ந்த பினாங்குத் தமிழர்கள் எனக்குத் தெரிந்தே பலர் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் இந்தப் பணத்தைக் கேட்கவே இல்லை. கேட்டவர்களிலும் பெரும்பாலோர் வரியாகப் பிடிக்கப்பட்ட பகுதியை அப்படியே விட்டுவிட்டார்கள். ஒசாகா அருகே ஒரு தொழிற்சாலையில் நான்கு ஆண்டுகள் பணியாற்றி, இப்போது சிங்கப்பூரில் இருக்கும் நான், இந்தத் தீபாவளி விடுமுறைக்குப் பட்டர்வொர்த் வீட்டுக்கு வந்தபோது முதலில் எடுத்துக்கொண்ட வேலை இதுதான்.

ஆறு மாதமாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். ஜப்பானிய முகவரியை ரத்து செய்துவிட்டு வந்திருக்க வேண்டும். அங்கே முகவரி இல்லாமல் போன நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். உடற்குறைக்கான உதவித்தொகை உட்பட அந்நாட்டு ஓய்வூதிய உரிமை எதையும் ஏற்கெனவே பெற்றவர்களுக்கு இது பொருந்தாது. ஊழியர் ஓய்வூதியச் சந்தா சம்பளத்தில் 18.3 விழுக்காடு, அதில் பாதியை நிறுவனமும் பாதியை நாமும் கட்டுகிறோம். திரும்பி வருவது ஏறத்தாழ நம்முடைய பாதி மட்டும்தான், அதுவும் அதிகபட்சம் 60 மாதங்களுக்கு. 2021 ஏப்ரலுக்கு முன்பு அந்த வரம்பு 36 மாதமாக இருந்தது. சராசரி மாதச் சம்பளம் 250,000 யென் என்றும், 48 மாதம் கட்டியிருப்பதாகவும் வைத்துக்கொண்டால், அந்தச் சம்பளத்தை 48 மாதத்துக்குரிய பெருக்கெண்ணான 4.4 ஆல் பெருக்கி வரும் 1,100,000 யென் நமக்குரிய தொகை. அதிலிருந்து 20.42 விழுக்காடு, அதாவது 224,620 யென், வருமான வரியாகக் கழிக்கப்பட்டு மீதி 875,380 யென் நம் கணக்கில் விழும். அந்த வரியைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்; அதில்தான் விஷயம் இருக்கிறது.

விண்ணப்பத்தோடு கடப்பிதழ் நகல், ஓய்வூதிய எண் உள்ள தாள், வங்கிச் சான்று ஆகியவற்றை அனுப்ப வேண்டும். படிவம் இந்தோனேசிய மொழியிலும் கிடைப்பதால், மலாய் தெரிந்த நமக்கு ஜப்பானிய மொழிப் பகுதிகளை ஒப்பிட்டுப் படிப்பது எளிது. வங்கிச் சான்றுதான் நேரம் தின்றது. கணக்கு நம் சொந்தப் பெயரில் இருக்க வேண்டும். வங்கியின் பெயர், கிளையின் பெயர், கிளை முகவரி, கணக்கு எண், கணக்கு வைத்திருப்பவரின் பெயர் ஆகிய எல்லாம் ஒரே தாளில் தெரிய வேண்டும். ஜார்ஜ் டவுனில் நான் கணக்கு வைத்திருக்கும் வங்கியில் முதலில் கொடுத்த கணக்கு அறிக்கையில் கிளை முகவரி இல்லை. அடுத்து அச்சிட்டுத் தந்த கடிதத்தில் முகவரி இருந்தது, ஆனால் என் பெயருக்கும் தந்தை பெயருக்கும் நடுவில் வர வேண்டிய, ‘இன்னாரின் மகன்’ என்பதைக் குறிக்கும் மலாய்ச் சுருக்கமான ‘ஏ/எல்’ இல்லை. பள்ளி நாளில் தொடங்கிய கணக்கு என்பதால் அவர்களுடைய பதிவில் பெயர் அப்படியே இருந்துவந்திருக்கிறது. "கணினியில் என்ன இருக்கோ அதைத்தான் தம்பி அடிக்க முடியும்" என்றார் முகப்பிலிருந்த அக்கா. கடப்பிதழில் உள்ள பெயரும் வங்கிப் பெயரும் வேறுபட்டால் தோக்கியோவில் ஓய்வூதிய அலுவலகம் கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பக்கூடும் என்று விளக்கியதும், அவரே மேல்மாடி அதிகாரியிடம் அழைத்துப் போனார். மைகார்டு என்ற மலேசிய அடையாள அட்டையையும் கடப்பிதழையும் பார்த்து, கைரேகை வாங்கி, பதிவைத் திருத்தி, முத்திரையிட்ட புதிய கடிதத்தைக் கொடுத்தார்கள். ஊருக்கு வரும் மலேசிய இந்தியர்கள், பழைய வங்கிக் கணக்கில் தங்கள் பெயர் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்பதை இந்த வேலைக்கு முன்பே பார்த்துக்கொள்வது நல்லது. முகப்பில் பொறுமையாக நின்று கேட்டால் நம்மவர்கள் உதவுகிறார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

உறையை லெபோ டவுனிங்கிலுள்ள தலைமை அஞ்சலகத்தில், வழியில் எங்கே இருக்கிறது என்று பின்தொடரக்கூடிய அஞ்சலாக அனுப்பினேன். விண்ணப்பம் போய்ச் சேர்ந்த பிறகு பணம் வர ஏறத்தாழ நான்கு மாதமாகும். முகவரியாகச் சிங்கப்பூர் வாடகை அறையைக் கொடுக்காமல் அம்மா இருக்கும் வீட்டைக் கொடுத்ததற்குக் காரணம் உண்டு: பணம் வரும்போது கூடவே ஒரு முடிவு அறிவிப்புத் தாள் அஞ்சலில் வரும், அந்தத் தாள் இல்லாமல் வரியைத் திரும்பக் கேட்க முடியாது.

இந்தத் தொகையை ஜப்பானிய வரிச் சட்டம் பணிக்கொடை போலவே நடத்துகிறது. உள்நாட்டவருக்கு உள்ள கழிவு, அதாவது வரி கணக்கிடும் முன் கழித்துவிடும் தொகை, நமக்கும் பொருந்த வேண்டும் என்று தேர்ந்தெடுத்து விண்ணப்பிக்கலாம். வேலை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 400,000 யென் என்ற கணக்கில் நான்கு ஆண்டுக்கு 1,600,000 யென் கழிவு கிடைக்கிறது. மேலே சொன்ன தொகை அதற்குள் அடங்கிவிடுவதால், நிறுவனத்திடமிருந்து வேறு பணிக்கொடை வாங்காதவருக்குப் பிடித்த 224,620 யென் முழுவதுமே திரும்ப வரும். இதற்கு ஜப்பானில் வசிக்கும் ஒருவரை வரிப் பிரதிநிதியாக வரி அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். நண்பராக இருந்தாலும் போதும். விண்ணப்பம் நம் கடைசி முகவரிக்குரிய வரி அலுவலகத்துக்குப் போகும், பணம் பிரதிநிதியின் கணக்கில் விழும், அவர் நமக்கு அனுப்பிவைப்பார். இதற்கு ஐந்து ஆண்டுகள் அவகாசம் இருப்பதால், ஓய்வூதியப் பணத்தை முன்பே வாங்கியவர்கள் இன்றே பழைய அறிவிப்புத் தாளைத் தேடிப் பார்க்கலாம். அதே பிரதிநிதி இன்னொரு வேலைக்கும் தேவைப்படுவார்: ஜனவரி 1-ல் அங்கே வசித்தவருக்கு முந்தைய ஆண்டு வருமானத்தின் மீது விதிக்கப்படும் உள்ளூர் வரி, நாம் கிளம்பிவந்த பிறகும் வந்து நிற்கும்.

பணத்தை வாங்கினால், அதுவரை கட்டிய காலம் முழுதும் பதிவிலிருந்து அழிந்துவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். 2017 ஆகஸ்டு முதல் ஜப்பானில் ஓய்வூதியம் பெறப் பத்து ஆண்டுச் சந்தா போதும். ஏழு, எட்டு ஆண்டு கட்டியவர் திரும்பவும் அங்கே வேலைக்குப் போகும் எண்ணத்தில் இருந்தால், அவசரப்பட்டுக் கேட்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அறுபது மாதத்துக்கு மேல் கட்டிய சந்தாவுக்கு எதுவும் கிடைக்காது, எதிர்கால ஓய்வூதியமும் போய்விடும். இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் 2016 அக்டோபர் 1 முதல் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் நடப்பில் இருப்பதால், தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள் இரு நாட்டிலும் கட்டிய காலத்தைச் சேர்த்துக் காட்ட முடியும். மலேசியாவுடன் அப்படியோர் ஒப்பந்தம் இல்லாததால், மலேசியாவின் ஊழியர் சேமநிதியான இபிஎஃப் கட்டிய ஆண்டுகள் அங்கே எண்ணப்படுவதில்லை. எனக்குத் திரும்பப் போகும் எண்ணமில்லை, வீட்டுக் கடனும் இருக்கிறது, அதனால் கேட்டுவிட்டேன். ஒசாகாவில் உடன் வேலை செய்த நண்பர் பிரதிநிதியாக இருக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். அறிவிப்புத் தாள் வந்ததும் அதை அவருக்கு அனுப்பும்படி அம்மாவிடமும் தங்கையிடமும் சொல்லி, அவருடைய முகவரி எழுதிய உறையையும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.