'60 பேர் சிம்பொனி' டிக்கெட் எடுக்கும் முன் இதைப் படியுங்கள்: குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை

'பழைய சினிமா தீம் மியூசிக், முழு சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவில், முழுக்க நேரலை' என்று ஒரு நிகழ்ச்சிக்கு நம் மாவட்டத்தில் விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கிறது. நாகர்கோவிலில் முடித்துவிட்டார்கள். அடுத்து மார்த்தாண்டம் என்கிறார்கள். நாகர்கோவில் நிகழ்ச்சிக்குக் காசு கொடுத்துப் போய் ஏமாந்தவன் நான். நடத்துகிறவர்களின் பெயரை இங்கே போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு முடிவுக்கு வரட்டும். கறுப்புப் பின்னணியில் தங்க நிற எழுத்து, கோட்டு போட்ட இசை நடத்துனர் முதுகைக் காட்டி நிற்கும் படம். அந்த நோட்டீஸைப் பார்த்தால் நீங்களே புரிந்துகொள்வீர்கள்.

அதில் போட்டிருந்தது இவ்வளவுதான்: 60 வாத்தியக் கலைஞர்கள், 1960-கள் முதல் 1990-கள் வரையிலான தீம்கள், 'புதிய பிரம்மாண்ட வடிவில்'. டிக்கெட் 1,500-இல் தொடங்கி 4,000 ரூபாய் வரை. எனக்கும் அக்காவுக்கும் அக்கா மகளுக்கும் நடு வரிசையில் தலைக்கு 2,000 கொடுத்து எடுத்தேன். டிக்கெட் விற்ற ஆப்காரர்கள் போட்ட கட்டணம் தனி. அக்கா மகள் வயலின் படிக்கிறாள், லண்டன் டிரினிட்டி கல்லூரியின் இசைத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறாள். ஒரு முழு வயலின் வரிசை சேர்ந்து வாசிப்பதை நேரில் பார்க்கட்டும் என்றுதான் கூட்டிப்போனது.

திரை விலகியதும் எண்ணிப் பார்த்தேன். மேடையில் 18 பேர். வயலின் எட்டு, செல்லோ இரண்டு, ட்ரம்பெட் இரண்டு, புல்லாங்குழல் ஒன்று, கிட்டார் ஒன்று, கீபோர்டு இரண்டு, டிரம்ஸ், தாளக்காரர் ஒருவர். வயலினை விடக் கொஞ்சம் பெரிய வயோலா இல்லை. நின்றுகொண்டு வாசிக்கும் பெரிய டபுள் பேஸ் இல்லை. வளைந்த பித்தளைக் குழலான ஹார்ன் இல்லை. சரி, மீதிப் பேர் உள்ளே இருந்து வருவார்கள் என்று நினைத்தேன். கடைசி வரை யாரும் வரவில்லை.

ஆனால் ஸ்பீக்கரில் எல்லாம் வந்தது. ஹார்ன் முழங்கியது, பேஸ் நெஞ்சைத் தட்டியது, நூறு பேர் 'ஆஆஆ' என்று கோரஸ் பாடினார்கள். மேடையில் வாயைத் திறந்தவர் தொகுப்பாளர் ஒருவர்தான்.

இரண்டாவது உருப்படி ஓடும்போது அக்கா மகள் என் முழங்கையை இழுத்தாள். "மாமா, அவங்க எல்லாரும் வில்லை வச்சுத் தேய்க்காங்க. சத்தம் மட்டும் விரலால சுண்டுற சத்தமா கேக்கு." பார்த்தேன். அவள் சொன்னது அப்படியே சரி. வயலின் கம்பியை விரலால் சுண்டி வாசிப்பதைப் பிட்சிகாட்டோ என்பார்கள். 'டிங் டிங்' என்று துண்டு துண்டாக வரும். எட்டு வில்லும் நீளமாக இழுத்துக்கொண்டிருக்க, ஸ்பீக்கரில் 'டிங் டிங்'. வில்லால் அந்தச் சத்தத்தை எழுப்பவே முடியாது.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் கதை இன்னும் வெளிப்பட்டது. ஒலிப் பலகையில் இருந்தவர் மடிக்கணினியில் அடுத்த ட்ராக்கை, அதாவது முன்பே பதிவு செய்து வைத்த இசையை, சீக்கிரமே தட்டிவிட்டார் போல. நடத்துனர் தண்ணீர் பாட்டிலை மூடிக்கொண்டிருக்கிறார், முதல் வயலின்காரர் தாளைப் புரட்டுகிறார், ஒருவர் வில்லுக்கு ரோசின் என்ற பிசினைத் தடவுகிறார். அந்த நேரத்தில் முழு வயலின் வரிசையும் அரங்கம் அதிர எழும்பியது! அவசரமாக வில்லைத் தூக்கி, சத்தத்துக்குப் பின்னால் ஓடி வந்து சேர்ந்துகொண்டார்கள். முன் வரிசையில் நாலு பேர் சிரித்துவிட்டார்கள். பின்னால் நிறையப் பேர் கைதட்டினார்கள்.

இந்த ஊரில் இதைச் செய்யத் துணிந்தார்களே என்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். நம் ஊர்க் காது அப்படிப்பட்டதா? சி.எஸ்.ஐ. சபைகளில் சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்று நாலு குரலாகப் பிரித்துப் பாடுவதைச் சின்ன வயதில் இருந்தே கேட்டு வளர்ந்த ஊர் இது. சோல்ஃபா (டோ, ரே, மீ எழுத்தில் எழுதிய சுரக் குறிப்பு) பார்த்து ஆல்ட்டோ பாடும் பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். கோயில் கொடை என்றால் வில்லுப்பாட்டும் நையாண்டி மேளமும் நேரில் வாசிப்பதுதான். பங்குத் திருவிழா கடைசி நாள் இரவில் இன்னிசைக் குழுவினர் இரண்டு கீபோர்டையும் ஒரு ரிதம் பேடையும் வைத்துக்கொண்டு வியர்வை வழிய வாசிப்பார்கள். பிசிறு தட்டும், தாளம் ஓரிடத்தில் ஓடும், ஆனாலும் வாசிப்பது அவர்கள்தான். அதைக் காசு கொடுக்காமல் கேட்டவர்களிடம் இரண்டாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு சிடி போட்டுக் காட்டினால் எப்படி?

வாசித்த பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் கூலிக்கு வந்தவர்கள்.

ட்ராக் விஷயம் ஒரு பக்கம். அதை விட எனக்கு எரிச்சல் தந்தது அந்தப் 'புதிய பிரம்மாண்ட வடிவம்'. இதே போன்ற மறு ஆக்கங்கள் இப்போது எங்கும் பெருகிவிட்டதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எந்தத் தீமை எடுத்தாலும் ஒரே செய்முறை. வேகத்தைப் பாதியாகக் குறை. அடியில் வயலின்களை ஒரே சுரத்தில் நீளமாக இழுத்துப் போடு. நடுவில் பெரிய முரசு. கடைசியில் கோரஸ், ஹார்ன், சிம்பல். காதல் தீம், சோகத் தீம், துப்பறியும் படத் தீம், எல்லாம் போர்க்களத்தில் போய் முடிகிறது. உளுந்தங்கஞ்சிக்குப் பிரியாணி மசாலா போட்ட கதை.

முதலில் எடுத்தது 'அவளுக்கென்ன'. 1964-இல் வந்த 'சர்வர் சுந்தரம்' படத்தில் அந்தப் பாட்டின் ஒலிப்பதிவையே காட்சியாக வைத்திருப்பார்கள். எம்.எஸ்.வி. நடத்த, டி.எம்.எஸ். மைக் முன்னால் பாட, வாத்தியக்காரர்கள் சுற்றிலும். அந்தக் காலத்து ஒலிப்பதிவே அப்படித்தான், எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே மூச்சில் வாசிக்க வேண்டும். ஒருவர் தவறினால் முதலில் இருந்து. அந்தப் பாட்டின் உயிர் அந்தத் துள்ளும் லத்தீன் தாளமும் போங்கோ என்ற சின்ன இரட்டை முரசும். இவர்கள் முதலில் எடுத்து எறிந்தது போங்கோவைத்தான். மெதுவாக, சோகமாக, ஏதோ கதாநாயகி இறந்துபோனது போல இழுத்தார்கள்.

அடுத்து 'புன்னகை மன்னன்' தீம். 1986. இளையராஜா கணினியையும், சுரங்களைப் பதிந்து தானாக வாசிக்க வைக்கும் சீக்வென்சரையும் வைத்துச் செய்து பார்த்த இசை. அந்த இயந்திரத்தனமான, அணு அளவும் பிசகாத துடிப்புதான் அதன் அழகு. அது தெரியாமல் அதற்கு வயலின் பட்டாடை கட்டினால் என்ன மிஞ்சும்? மேடையில் மடிக்கணினியை ஒளித்து வைத்துக்கொண்டு, கணினியில் பிறந்த இசையைச் 'சுத்தமான ஆர்கெஸ்ட்ரா' என்று வாசித்துக் காட்டினார்கள். இதைக் கண்டுபிடிக்க எனக்கு வீட்டுக்குத் திரும்பும் வழி வரை ஆனது, அப்புறம் சிரிப்பை அடக்க முடியவில்லை.

'பம்பாய்' தீமுக்கு நடந்தது கொடுமை. 1995-இல் நவீன் குமார் வாசித்த அந்தப் புல்லாங்குழல். கலவரத்தைப் பற்றிய படத்தின் இசை அது. ஆனால் ஒரு இடத்தில் கூடக் கத்தாது. குழல் மூச்சு விடும் இடைவெளிகளில்தான் நமக்குத் தொண்டை அடைக்கும். இங்கே அந்த இடைவெளிகளில் எல்லாம் முரசு. பாவம், மேடையில் இருந்த ஒரே குழல்காரர் உண்மையாகவே நன்றாக வாசித்தார். அவர் மைக்கைத் தாண்டி கோரஸ் ட்ராக் ஏறி உட்கார்ந்துகொண்டது.

இளையராஜா பாட்டுகளில் இன்னொன்று செய்தார்கள். அவர் இசையில் பேஸ் கிட்டார் சும்மா அடிச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்காது. தனக்கென்று ஒரு மெட்டைப் பாடிக்கொண்டு போகும். அவருடைய பேஸ் கிட்டார்காரர் சசிதரன் வாசித்ததை மட்டும் தனியாக முணுமுணுக்கிற ஆட்களை எனக்குத் தெரியும். மேலே ஒரு மெட்டு, கீழே ஒரு மெட்டு, நடுவில் வயலின் இரண்டுக்கும் பதில் சொல்லும். 'கவுண்டர்பாயின்ட்' என்று நாம் வாய் நிறையச் சொல்வது அதைத்தான். புது வடிவத்தில் பேஸ் ஒரே சுரத்தில் 'உம்ம்ம்' என்று நின்றது, நடு வரி காணாமலே போனது. மூன்று பேர் பேசிய இடத்தில் ஒருவர் மட்டும் மைக்கில் கத்தினால் அது பெரிதானதாக ஆகிவிடுமா?

ஆர்கெஸ்ட்ராவே கூடாது என்று சொல்லவில்லை. 1991-இல் 'தளபதி'க்காக இளையராஜாவே பம்பாய்க்குப் போய்ப் பெரிய வாத்தியக் குழுவை வைத்து ஒலிப்பதிவு செய்தார். 2005-இல் திருவாசகத்துக்கு புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா. அவை அத்தனை பேருக்கும் தனித்தனியாக வேலை கொடுத்து எழுதப்பட்டவை. சின்னக் குழுவுக்கு எழுதியதைப் பெரிய குழுவுக்கு மாற்றுவதையும் ஒழுங்காகச் செய்ய முடியும். 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி' (1966) என்ற படத்தின் இசையில் இத்தாலிய இசையமைப்பாளர் என்னியோ மோரிக்கோனே மூன்று பாத்திரங்களுக்கும் ஒரே மெட்டை வைத்து, ஒருவருக்குப் புல்லாங்குழல், ஒருவருக்கு ஒக்கரினா (முட்டை வடிவ ஊதுகுழல்), ஒருவருக்கு மனிதக் குரல் என்று பிரித்துக் கொடுத்தார். டேனிஷ் தேசிய சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா அதை மேடையில் வாசித்த காணொளி யூடியூபில் இருக்கிறது, பாருங்கள். முழு ஆர்கெஸ்ட்ரா உட்கார்ந்திருக்கிறது. ஆனாலும் ஒக்கரினா இருக்கிறது, எலக்ட்ரிக் கிட்டார் இருக்கிறது, 'வா வா வா' குரலும் இருக்கிறது. எதையும் வயலினுக்குத் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. ஆள் அதிகம் என்பதால் பழைய ஆளை வெளியே அனுப்பவில்லை.

இனி பண விஷயம். இடைவேளையில் நுழைவாயில் மேசைக்குப் போய்க் கேட்டேன். இளைஞர் ஒருவர், மரியாதையாகத்தான் பேசினார்.

"அண்ணே, இப்ப ட்ராக் இல்லாம யாருமே ஷோ பண்றது கிடையாது."

"தம்பி, நோட்டீஸ்ல முழுக்க நேரலைன்னு போட்டிருக்கே. 60 பேர்னு போட்டிருக்கே."

"அது டிசைனர் போட்டதுண்ணே. மியூசிசியன்ஸ் மாறலாம்னு டிக்கெட்ல இருக்கு பாருங்க."

மாறலாம் என்றுதான் இருந்தது, மூன்றில் இரண்டு பங்கு மறைந்து போகலாம் என்று இல்லை. பணத்தைக் கேட்டால் ஆப்பில் கேட்கச் சொன்னார். ஆப்பில் கேட்டால் நடத்துகிறவர்களைக் கேட்கச் சொன்னார்கள். இரண்டு நாளில் நடத்துகிறவர்களின் இணையப் பக்கத்தில் இருந்த பழைய விளம்பரம் நீக்கப்பட்டு, '60' இல்லாத புது விளம்பரம் வந்திருந்தது. நல்லவேளை, அக்கா பழையதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தாள்.

மார்த்தாண்டம் நிகழ்ச்சிக்குப் போக நினைப்பவர்கள், அல்லது இது போன்ற எதற்கும் டிக்கெட் எடுப்பவர்கள், முதலில் விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 'மேடையில் எத்தனை பேர், முன்பே பதிவு செய்த ட்ராக் உண்டா' என்ற இரண்டு கேள்விகளையும் அவர்கள் எண்ணுக்கு எழுதியே கேளுங்கள், போனில் வேண்டாம். பதில் வராவிட்டால் அதுவே பதில். முந்தைய நிகழ்ச்சிகளின் காணொளி என்று அவர்கள் போடும் வெட்டி ஒட்டியதை நம்பாதீர்கள். பார்வையாளர் யாராவது போனில் எடுத்த காணொளியைத் தேடுங்கள். அதில் ஹார்ன் சத்தம் வந்தால் ஹார்ன்காரரைத் தேடுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு: தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. முதலில் அங்கே பதிவு செய்யுங்கள். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். நாம் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். டிக்கெட், பணம் கட்டிய ரசீது, விளம்பரம், மேடைப் படம் இவ்வளவும் கையில் இருந்தால் போதும்.

நாகர்கோவில் நிகழ்ச்சிக்கு வந்தவர்கள் யாரிடமாவது முழு மேடையும் தெரிகிற படமோ, அந்த ட்ராக் முந்திக்கொண்ட இடத்தின் காணொளியோ இருந்தால் எனக்கு அனுப்புங்கள். என் போனில் இருப்பதில் முன் வரிசைக்காரர் தலை மறைத்து இடது பக்க வயலின்கள் தெரியவில்லை. புகாரோடு இணைக்க வேண்டும்.