வேள்பாரி: வாசித்துவிட்டுக் காத்திருப்பதா, பார்த்துவிட்டு வாசிப்பதா?

சு. வெங்கடேசனின் 'வேள்பாரி' நாவலை இயக்குநர் ஷங்கர் படமாக்கப்போகிறார் என்ற பேச்சு எழும்போதெல்லாம், கொழும்பில் எனக்குத் தெரிந்த தமிழ் வாசகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். படம் வருவதற்கு முன்னரே நாவலை முழுதாக வாசித்துவிட வேண்டும் என்பது ஒரு கட்சி. கதையே தெரியாமல் திரையரங்குக்குப் போய், பார்த்த பிறகு நூலை எடுப்பதுதான் இரண்டுக்கும் செய்யும் மரியாதை என்பது மற்றக் கட்சி. நான் முதற்கட்சி. 'பொன்னியின் செல்வ'னையும் படம் வருமுன் வாசித்தேன், 'வேள்பாரி'யின் இரண்டு பாகங்களையும் வாசித்துவிட்டேன். ஆகவே இந்த ஒப்பீடு நடுநிலையானது என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் மச்சாள் இரண்டாவது வழியில் போனவர். அவருடைய அனுபவத்தை அருகிலிருந்து பார்த்தவன் என்ற வகையில் அந்தப் பக்கத்துக்கும் என்னால் ஓரளவு நியாயம் செய்ய முடியும்.

நூலில் கதை விரியும், படத்தில் சுருங்கும். நூலுக்கு வாரங்கள் வேண்டும், படத்துக்கு ஒரு மாலைப்பொழுது போதும். இவை எல்லோருக்கும் தெரிந்தவை. பலர் பேசத் தவறுவது வேறொன்று: இத்தகைய படங்கள் குறித்த காலத்தில் வருவதில்லை. இந்தத் தாமதம்தான் எந்த வழி நல்லது என்பதைத் தீர்மானிக்கிறது என்பது என் கருத்து.

'பொன்னியின் செல்வ'னின் வரலாற்றைப் பாருங்கள். கல்கி 1950இல் தொடங்கி எழுதிய அந்தத் தொடரை எம்.ஜி.ஆர். 1958இல் படமாக்க முனைந்தார். உரிமைக்குப் பத்தாயிரம் ரூபாய் கொடுத்ததாகவும், பின்னாளில் இயக்குநராகப் புகழ்பெற்ற மகேந்திரனைத் திரைக்கதைக்கு அமர்த்தியதாகவும் சொல்லப்படுகிறது. விபத்தொன்றில் அவர் காயமடைய, படப்பிடிப்புத் தொடங்காமலே திட்டம் நின்றது. 1980களின் இறுதியில் கமல்ஹாசனும் மணிரத்னமும் எழுதிப் பார்த்தார்கள், செலவு இடித்தது. 2010ஐ ஒட்டி மணிரத்னம் மீண்டும் முயன்றபோது கதைநாயகன் வந்தியத்தேவனாக விஜய், சோழ இளவரசன் அருள்மொழிவர்மனாக மகேஷ் பாபு என்று பெயர்கள் உலவின. அதுவும் செலவுக் கணக்கில் கரைந்தது. கடைசியில் 2019 டிசம்பரில் தாய்லாந்தில் படப்பிடிப்புத் தொடங்கி, அடுத்த ஆண்டு பெருந்தொற்றால் நின்று, 2021இல் ஐதராபாத்தில் மீண்டும் தொடர்ந்து, முதற்பாகம் 2022 செப்டெம்பர் 30இலும் இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28இலும் வெளிவந்தன. முதல் முயற்சிக்கும் முதற்பாகத்துக்கும் இடையில் 64 ஆண்டுகள். 1958இல் இருபது வயதாக இருந்த ஒருவர் படம் பார்த்த பிறகே நூலைத் தொடுவேன் என்று விரதம் பூண்டிருந்தால், எண்பத்து நான்காவது வயதில்தான் வந்தியத்தேவனை வீரநாராயண ஏரிக்கரையில் சந்தித்திருப்பார்.

நடிகர் தேர்வு பற்றிய வதந்திகளையும் இந்தத் தாமதத்தோடு சேர்த்தே பார்க்க வேண்டும். வந்தியத்தேவனாக யார் பொருந்துவார் என்ற கேள்விக்கு ஜெயலலிதா ரஜினிகாந்தின் பெயரைச் சொல்லியிருந்தார். அதைக் கண்ட பிறகே அந்த நாவலை வாசித்ததாக, 2022 செப்டெம்பரில் நடந்த இசை வெளியீட்டு விழாவில் ரஜினிகாந்த் கூறினார். அதே மேடையில், பெரிய பழுவேட்டரையர் வேடத்தைத் தனக்குத் தருமாறு மணிரத்னத்தைக் கேட்டதையும் அவர் மறுத்துவிட்டதையும் சொல்லிச் சிரித்தார். குதிரையில் வரும் இளம் வாணர்குல வீரனுக்குப் பொருத்தமானவர் என்று பேசப்பட்ட ஒருவர், அறுபத்து நான்கு விழுப்புண்கள் சுமந்த முதியவரின் வேடத்தைக் கேட்கும் அளவுக்குக் காலம் ஓடிவிட்டது. நடிகர் பெயர்கள் இவ்வாறு காலத்தோடு உதிர்ந்து வேறு பெயர்கள் முளைக்கின்றன. நாவலில் வந்தியத்தேவனுக்கு வயது ஏறுவதேயில்லை.

இனி 'வேள்பாரி'க்கு வருவோம். ஆனந்த விகடனில் நூறு வாரங்களுக்கு மேல் தொடராக வந்து, பின்னர் இரண்டு தடித்த பாகங்களாக நூலான கதை இது. பெருந்தொற்றுக் காலத்தில் இதை வாசித்ததாகவும், திரைக்கதை மூன்று பாகங்களாக எழுதப்பட்டுவிட்டதாகவும் ஷங்கர் கூறியிருக்கிறார். 2025 ஜூலையில், நூல் ஒரு இலட்சம் பிரதிகள் விற்றதைக் கொண்டாடிய விழாவில், முன்பு 'எந்திரன்' தன் கனவுப் படமாக இருந்ததென்றும் இப்போது 'வேள்பாரி'தான் அது என்றும் சொன்னார். ஆனால் அதற்கு முன்னர் வந்த அவருடைய இரண்டு பெரும் படங்கள், 2024இன் 'இந்தியன் 2'உம் 2025 ஜனவரியில் வந்த 'கேம் சேஞ்சர்'உம், வசூலில் விழுந்திருந்தன. மூன்று பாகம் எடுக்கும் அளவுக்குப் பணம் போட ஒரு தயாரிப்பாளர் துணிய வேண்டும். பெரிய நடிகர் ஒருவர் வேறு படம் ஏற்காமல் ஆண்டுக்கணக்கில் கால்ஷீட் தர வேண்டும். இரண்டும் ஒரே வேளையில் கூட வேண்டும். பறம்பு மலையின் தலைவன் பாரியாக யார் என்ற கேள்விக்குச் சூர்யா என்றார்கள், யாஷ் என்றார்கள். ஒவ்வொரு பெயருக்கும் அந்தந்த ரசிகர்கள் ஒரு சுவரொட்டியைத் தாங்களே வரைந்து கைப்பேசிகளில் உலவவிட்டார்கள். ஒரு பெயர் எழுவதும் அடங்குவதும் அந்த நடிகரின் அடுத்த பட அறிவிப்பைப் பொறுத்ததாகவே இருந்தது.

இங்கேதான் இரண்டு வழிகளும் பிரிகின்றன. முதலில் வாசிப்பவருக்கு இழப்பு ஒருமுறைதான் நேர்கிறது: படம் வரும்போது திருப்பங்கள் அவருக்குப் புதிதாக இரா. படம் ஓராண்டு பிந்தினாலும் பத்தாண்டு பிந்தினாலும் அந்த இழப்பு கூடுவதில்லை. பார்த்துவிட்டு வாசிக்கலாம் என்று இருப்பவருக்கோ, அவர் காத்து வைத்திருக்கும் அந்தப் புதுமை காத்திருக்கக் காத்திருக்கத் தேய்ந்துகொண்டே போகிறது. ஒரு இலட்சம் பேர் வாங்கிய கதையை எத்தனை காலத்துக்குக் கேளாமல் இருக்க முடியும்? கலியாண வீட்டுப் பந்தியில் ஒருவர் சொல்வார், தெரியாத ஒருவர் வலையொளியில் கதைச்சுருக்கம் போடுவார். கதையை மறைத்துக் காப்பாற்றினாலும் காட்சிகளைக் காப்பாற்ற முடியாது. நாவலின் முக்கியமான காட்சிகள் தன் அனுமதியின்றிப் பல படங்களில் எடுத்தாளப்படுவதாக ஷங்கரே 2024 செப்டெம்பரில் வெளிப்படையாக வருந்தி, சட்ட நடவடிக்கை பற்றி எச்சரித்தார். உரிமை வைத்திருப்பவரே தன் படத்தின் புதுமை கைநழுவுவதாக அஞ்சும்போது, அந்தப் புதுமையை நம்பிக் காத்திருப்பவரின் நிலை எப்படியிருக்கும்? திரையில் முதன்முதலாகக் காணப்போகிறோம் என்று நம்பியிருந்த போர்முறையொன்று வேறொரு படத்தின் இடைவேளைச் சண்டையில் வந்துபோயிருக்கலாம். நாவலை வாசித்தவருக்கு அது எங்கிருந்து வந்ததென்று தெரியும். வாசிக்காதவருக்கு, நாளை 'வேள்பாரி' வரும்போது அதுவே நகலாகத் தோன்றும்.

மறுபக்கத்தின் வலுவான வாதம் முகங்கள் பற்றியது. வாசித்தவர் மனதில் ஒரு பாரி உருவாகிவிடுவான், பிறகு எந்த நடிகர் வந்தாலும் ஒட்டமாட்டார் என்பார்கள். ஓரளவு உண்மைதான். ஆனால் நம் தொடர்கதைகளில் அந்த முகங்களை வாசகர் தனியாக உருவாக்கிக்கொள்வதில்லை. கல்கியின் தொடருக்கு மணியம் வரைந்த ஓவியங்களே மூன்று தலைமுறைக்குக் குந்தவையும் நந்தினியும் ஆயின. 'வேள்பாரி'க்கு வரைந்தவர் அவருடைய மகன் மணியம் செல்வன். எனவே வாசகர் ஏற்கெனவே ஒரு நடிகர் தேர்வை ஏற்றுக்கொண்டவராகவே திரையரங்குக்குப் போகிறார். இன்னொன்றை ஏற்பது அத்தனை கடினமாக எனக்கு இருக்கவில்லை. கார்த்தியின் வந்தியத்தேவன் மணியத்தின் ஓவியத்தை ஒத்திருக்கவில்லை. ஆனாலும் அவருடைய குறும்பு கல்கியினுடையதாகவே இருந்தது, எனக்கு அது போதுமாயிருந்தது.

வாசித்தவருக்கு நடிகர் தேர்வுச் செய்தியே வேறு பொருள் தருகிறது. பாரி யார் என்று கேட்பவர்கள் பலர். கபிலர் யார் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. நாவலைத் திறந்தால் முதலில் வருபவர் கபிலர்தான். பறம்பு மலையில் நீலனுக்குப் பின்னால் மூச்சிரைக்க ஏறும் அந்தப் புலவரின் வியப்பின் வழியாகத்தான் அந்தக் காடு நமக்குத் திறக்கிறது. அந்த வேடத்துக்குத் தவறான ஒருவரைப் போட்டால், பாரியாக எத்தனை பெரிய நட்சத்திரம் நின்றாலும் பயனில்லை. இன்னொரு முக்கியமான பாத்திரம் தேவாங்கு. அது எப்போதும் வடதிசை நோக்கியே அமரும் என்று நாவல் கற்பனை செய்கிறது; கடலில் திசையறிய அதைப் பயன்படுத்தலாம் என்ற ஆசையே பேரரசுகளைப் பறம்பின் பக்கம் திருப்புகிறது. நம் நாட்டுக் காடுகளிலும் இருக்கும், உள்ளங்கையில் அடங்கும் அந்தச் சிறு உயிரைக் கணினியில் நம்பும்படி செய்ய முடியுமா என்பதில்தான் படத்தின் பாதி வெற்றி தங்கியிருக்கிறது. அந்த வேடத்துக்கு யார் என்று இதுவரை ஒருவரும் வதந்தி கிளப்பவில்லை.

மச்சாளின் அனுபவத்தையும் சொல்ல வேண்டும். 'பொன்னியின் செல்வன்' முதற்பாகத்தை அவர் கதை தெரியாமலே பார்க்க வந்தார். எரிபொருளுக்குப் பங்கீடு இருந்த காலம் என்பதால் இருந்த பெற்றோலைக் கணக்குப் பார்த்து ஒரே வாகனத்தில் போனோம். படம் தொடங்கி அரை மணித்தியாலத்துக்குள் என் பக்கம் சாய்ந்து, "அண்ணா, இவர் ஆர், பெரியவரோ சின்னவரோ?" என்றார். அந்த வேடங்களில் நடித்த சரத்குமாரையும் பார்த்திபனையும் அவருக்கு நன்றாகத் தெரியும், பழுவேட்டரையர்களைத்தான் தெரியாது. ஆனால் இரண்டாம் பாகத்தை என்னைவிட அவர்தான் நிம்மதியாகப் பார்த்தார். நாவலில் வரும் மணிமேகலை படத்தில் இல்லையே என்று நான் உள்ளுக்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தபோது, அப்படியொருத்தி இருந்தாள் என்பதே அவருக்குத் தெரியாது. மதுராந்தகர் விடயத்தில் படம் நாவலை விட்டு விலகிப்போனதும் அவரை உறுத்தவில்லை. அந்த நிம்மதி வாசித்தவருக்குக் கிடைப்பதில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் பார்த்த பிறகு வாசிப்பது என்ற திட்டத்தின் இரண்டாம் பாதி பெரும்பாலும் நடப்பதில்லை. மச்சாளும் நாவலின் முதற்பாகமான 'புது வெள்ள'த்தோடு நின்றுவிட்டார். கதை தெரிந்துவிட்டதே என்பது அவர் சொன்ன காரணம். அதனால் அவர் இழந்தது, இலங்கையில் இருக்கும் நமக்கென்றே எழுதப்பட்டது போன்ற 'சுழற்காற்று' பாகத்தை. வந்தியத்தேவன் மாதோட்டத்துக்கு வருவதும், தம்பள்ளைக்கு, அதாவது இன்றைய தம்புள்ளைக்கு, போவதும், அநுராதபுரத்து வீதிகளும் அதில் எத்தனை ஆறுதலாக விரிகின்றன! படத்தில் அவை சில நிமிடங்களில் கடந்துபோகின்றன. தம்புள்ளைச் சந்தியில் பேருந்து மாறியவர்களுக்கு அந்தப் பக்கங்கள் தரும் சந்தோஷத்தை எந்தத் திரையும் தராது.

நூல் கிடைப்பது பற்றி ஒரு வார்த்தை. கல்கியின் படைப்புகள் நாட்டுடைமையானவை. மதுரைத் திட்டத்தின் தளத்தில் ஐந்து பாகங்களையும் இலவசமாக வாசிக்கலாம். 'வேள்பாரி' அப்படியல்ல, இந்தியாவிலிருந்து வரும் இரண்டு கனமான நூல்கள், விலையும் ரூபாயின் மதிப்போடு ஏறி இறங்கும். செட்டியார் தெருவிலும் வெள்ளவத்தையிலும் உள்ள பூபாலசிங்கம் புத்தகசாலையில் கேட்டுப் பாருங்கள். செப்டெம்பரில் பண்டாரநாயக்க மாநாட்டு மண்டபத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சிவரை பொறுப்பதும் ஒரு வழி. இரவல் என்றால் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது. ஒரு குடும்பம் திரையரங்குக்குப் போய்வரும் செலவோடு ஒப்பிட்டால் நூலின் விலை அதிகம் என்று தோன்றாது. ஆனால் மூன்று பாகமும் வெளிவந்தால் மூன்று முறை போக வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இடையில் மூன்றாவது வழியொன்றும் உண்டு: ஒலிநூல். காலி வீதி நெரிசலில் தினமும் இரண்டு மணித்தியாலம் போகிறவர்களுக்கு அது தோதாக இருக்கும் என்கிறார்கள். 'பொன்னியின் செல்வ'னின் சில அத்தியாயங்களை மட்டுமே நான் அப்படிக் கேட்டிருக்கிறேன். உரையாடல்கள் நன்றாக எடுபட்டன. ஆனால் 'வேள்பாரி'யில் செடிகொடிகளின், விலங்குகளின் பெயர்கள் அடர்ந்து வரும் பகுதிகளைக் காதால் பின்தொடர முடியுமா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. கேட்டு முடித்தவர்கள்தான் அதைச் சொல்ல வேண்டும்.

பதின்ம வயதுப் பிள்ளைகள் விடயத்தில் மட்டும் என் சாய்வை அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். தமிழில் நீண்ட நாவல் வாசித்துப் பழகாத பிள்ளையிடம் இரண்டு பெரிய பாகங்களைத் திணித்தால், நூலும் வேண்டாம் படமும் வேண்டாம் என்றாகிவிடலாம். அவர்களுக்கு முதல் சில அத்தியாயங்களை, கபிலர் மலையேறி முடிக்கும் வரையாவது, உரக்க வாசித்துக் காட்டிவிட்டு மீதியை அவர்கள் விருப்பத்துக்கு விட்டுவிடலாம். பெரியவர்களுக்கு என் பரிந்துரை மாறவில்லை: பாரியின் பெயர் அறிவிக்கப்படும்வரை காத்திராமல் முதற்பாகத்தை இப்போதே தொடங்குங்கள். படப்பிடிப்புத் தொடங்குவதற்குள் இரண்டாம் பாகத்தையும் முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து வாசிக்கவும் நேரமிருக்கும்.