34 அங்குல அல்ட்ராவைடு மானிட்டர்: பேனல் அருமை, மெனுதான் படுத்துகிறது

வீட்டில் வேலைக்கும் படம் பார்க்கவும் சேர்த்து ஒரே மானிட்டராக இருக்கட்டும் என்று 34 அங்குல 21:9 (திரையின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம்) வாங்கினேன். 3440×1440 பிக்சல், லேசாக வளைந்த திரை. முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 34 என்றதும் பலர் பிரம்மாண்டமாக நினைக்கிறார்கள். உயரம் 33 சென்டிமீட்டர் சொச்சம்தான், அதாவது 27 அங்குல சாதா மானிட்டரின் உயரமேதான், அகலம் மட்டும் ஏறக்குறைய 80 சென்டிமீட்டர். எக்ஸெல் ஷீட் ஒரு பக்கம், பிரவுசர் ஒரு பக்கம், நடுவில் கோடு இல்லாமல் உட்காருகிறது. நிறம், எழுத்தின் கூர்மை எதிலும் குறையே இல்லை.

பிரச்சினை 3440×1440 தவிர வேறு எந்த சிக்னல் வந்தாலும் ஆரம்பிக்கிறது. செட்டாப் பாக்ஸ் 1920×1080தான் அனுப்பும், பழைய லேப்டாப்பின் எச்டிஎம்ஐயும் அதற்கு மேல் தரவில்லை. மானிட்டரோ, வந்த படத்தை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை இழுத்து நிரப்பிவிடுகிறது, கம்பெனியிலிருந்து வரும்போதே அப்படித்தான் செட் ஆகி வருகிறது. 16:9 படத்தை இப்படி இழுத்தால் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் அகலமாகிவிடும். செய்தி வாசிப்பவர் முகம் உப்பிப்போய்த் தெரிகிறது, கிரிக்கெட் பந்து முட்டையாக உருள்கிறது. கொஞ்ச நேரத்தில் பழகிவிடும் என்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு மனசே ஒப்பவில்லை. படம் எடுத்தவர் பார்த்துப் பார்த்து வைத்த ஃபிரேமை நாம் ஏன் கெடுக்க வேண்டும்?

சந்தேகமாக இருந்தால் பெயின்ட்டைத் திறந்து, ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ஒரு வட்டம் வரையுங்கள். திரையில் ஸ்கேலை வைத்து குறுக்கே ஒரு தடவை, நெடுக்கே ஒரு தடவை அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் படம் இழுபடுகிறது என்று அர்த்தம்.

3440×1440 தரக்கூடிய கம்ப்யூட்டருக்கு வழி சுலபம். விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் ரெக்கமண்டட் என்று காட்டும் ரெசல்யூஷனை வைத்தாலே டெஸ்க்டாப் சரியாகிவிடும். 4:3 காலத்துப் பழைய கேம் ஆடுகிறவர்களுக்கு அது போதாது, கிராஃபிக்ஸ் கார்டையே வேலை வாங்க வேண்டும். என்விடியா கண்ட்ரோல் பேனலில் ‘அட்ஜஸ்ட் டெஸ்க்டாப் சைஸ் அண்ட் பொசிஷன்’ பக்கத்துக்குப் போய் ஸ்கேலிங்கை (படத்தைத் திரைக்கு ஏற்பப் பெரிதாக்குவதை) ‘ஆஸ்பெக்ட் ரேஷியோ’ என்று மாற்றி, அதைச் செய்வது டிஸ்ப்ளே அல்ல ஜிபியு, அதாவது கிராஃபிக்ஸ் கார்டு என்று தேர்ந்தெடுங்கள். ஏஎம்டியில் ஜிபியு ஸ்கேலிங்கை ஆன் செய்து ‘ப்ரிசர்வ் ஆஸ்பெக்ட் ரேஷியோ’. அப்புறம் கார்டே இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை சேர்த்து முழு 3440×1440 ஆக அனுப்பிவிடுவதால், மானிட்டருக்கு இழுக்க எதுவும் மிச்சமில்லை.

ஆனால் செட்டாப் பாக்ஸில் ஜிபியு ஸ்கேலிங்குக்கு எங்கே போவது? மானிட்டர் மெனுதான் கதி, அங்கேதான் எனக்குக் கோபம். இமேஜ் சைஸ் என்ற ஆப்ஷன் நாலு படி உள்ளே இருக்கிறது. ஃப்ரீசிங்க் (திரையின் வேகத்தை கிராஃபிக்ஸ் கார்டின் வேகத்தோடு பொருத்தும் வசதி) ஆனில் இருந்தால் அது மங்கிப்போய்த் தொடவே முடியாது, ஏன் என்று ஒரு வரிகூடச் சொல்லாது. ஃப்ரீசிங்கை அணைத்து ‘ஆட்டோ’ வைத்தால் படம் 2560×1440 அளவில் நடுவில் அழகாக நிற்கிறது, பக்கத்துக்கு 440 பிக்சல் கறுப்பு. ‘1:1’ (வந்த பிக்சலைப் பெரிதாக்காமல் அப்படியே காட்டுவது) வைத்தால் சின்னதாகி நாலு பக்கமும் கறுப்பு. இன்புட்டை மாற்றிவிட்டுத் திரும்பி வந்தால் மறுபடி இழுத்த படம்தான்! சர்வீஸுக்குப் போன் செய்தால் ரெசல்யூஷனை மாற்றுங்கள் என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். செட்டாப் பாக்ஸில் எங்கே இருக்கிறது 3440?

சினிமா பார்க்க இது சொர்க்கம். உயரத்தைப் போல 2.39 மடங்கு அகலத்தில் எடுத்த படம் திரையை அப்படியே நிறைக்கும். சில ஸ்ட்ரீமிங் படங்களில் மேலும் கீழும் உள்ள கறுப்புப் பட்டையையும் சேர்த்தே 16:9 ஆகத் தருகிறார்கள், அப்போது நாலு பக்கமும் கறுப்பு வரும். விஎல்சி பிளேயரில் என்றால் ‘சி’ விசையைத் தட்டித் தட்டி க்ராப்பை (ஓரத்தை வெட்டும் அளவை) மாற்றிச் சரிசெய்யலாம்.

கம்ப்யூட்டர் மட்டும் இணைப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். செட்டாப் பாக்ஸும் மாட்டப் போகிறவர்கள் கடையிலேயே மெனுவைத் திறந்து பார்த்துவிடுங்கள். ஃபுல் (இழுத்து நிரப்புவது), 1:1 என்று இரண்டு மட்டும்தான் இருக்கிறது என்றால் அந்த மாடல் வேண்டாம்.