ஆக்டோபாத் டிராவலர்: முதலாவதா, இரண்டாவதா?

ஆக்டோபாத் டிராவலர் 2 என்ற வீடியோ கேமை முடித்த கையோடு சொல்கிறேன்: இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இரண்டாவதையே ஆடுங்கள். முதல் பாகம் தெரியாமல் இது புரியுமா என்ற கவலை வேண்டாம். கண்டம் வேறு, ஆட்கள் வேறு. 2018 ஜூலையில் நிண்டெண்டோ சுவிட்சில் வந்து மறுவருடம் கணினிக்கும் வந்த முதல் பாகம் ஆர்ஸ்டெராவில் நடக்கிறது. 2023 பிப்ரவரியில் வந்த இரண்டாவது, நடுவே கடல் கிடக்கக் கிழக்கும் மேற்குமாகப் பிரிந்த சொலிஸ்டியாவில் நடக்கிறது. இரண்டிலும் எட்டுப் பயணிகள், எட்டுக் கதைகள்.

புனலூரில் இருக்கும் என் அத்தை மகன் இதை ஒத்துக்கொள்வதில்லை. நான் செங்கோட்டைக்காரன். இடையில் ஆரியங்காவு மலை மட்டும்தான் என்பதால் அவன் இங்கு வருவதும் நான் அங்கு போவதும் சகஜம். எங்கே சந்தித்தாலும் இந்தச் சண்டை வந்துவிடும். "கல்டெராவ அடிச்சவனுக்குத்தான் மச்சான் இந்த கேமப் பத்திப் பேச வாய் இருக்கு" என்பது அவன் கட்சி. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவன் பெருமையாகச் சொல்லும் அந்தக் கல்டெராதான் முதல் பாகத்தின் பெரிய குறையும்கூட என்பது என் கட்சி.

கல்டெரா முதல் பாகத்தின் உண்மையான கடைசி பாஸ், அதாவது கடைசியாக வீழ்த்த வேண்டிய பெரிய எதிரி. எட்டுப் பேரின் கதைகளையும் முடித்து, சில குறிப்பிட்ட கிளைக்கதைகளையும் முடித்தால்தான் அங்கே போகும் கதவே திறக்கும். உள்ளே போனதும் பழைய பாஸ்கள் எட்டுப் பேரை மறுபடி வரிசையாக அடிக்க வேண்டும். அதன் பிறகு எட்டு ஆட்களையும் இரண்டு அணியாகப் பிரித்துக் கல்டெராவை எதிர்கொள்ள வேண்டும். நடுவில் சேவ் செய்ய வழியில்லை. தோற்றால் எல்லாம் முதலிலிருந்து. சண்டைக்காகவே விளையாடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பரீட்சை கிடையாது, மறுக்கவில்லை.

ஆனால் எட்டுக் கதைகளையும் இணைக்கும் முடிச்சு எங்கே இருக்கிறது? அந்தக் கதவுக்கு உள்ளே! ப்ரிம்ரோஸ் என்ற நடனக்காரி, தன் அப்பாவைக் கொன்ற காக்கைச் சின்னக்காரர்கள் மூவரைத் தேடி அலைகிறாள். அவள் அப்பாவின் சாவுக்கும் மற்ற ஏழு பேரின் கதைகளுக்கும் பின்னால் இருப்பது ஒரே கை என்பதை அங்கே கிடக்கும் குறிப்பேடுகளில்தான் படிக்க முடியும். எட்டுக் கதையையும் முடித்துவிட்டு, "ஆட்டம் முடிந்தது" என்று நிறுத்தியவர்கள் இதைப் பார்க்கவே போவதில்லை. அவர்களுக்கு முதல் பாகம் ஒன்றோடொன்று சேராத எட்டுச் சிறுகதைகள், அவ்வளவுதான். நான்கு பேரை அழைத்துக்கொண்டு நடந்தாலும், முக்கியக் காட்சி வந்ததும் கதைக்குரியவர் மட்டும் தனியாக நிற்பார். கூட வந்த மூவரும் எங்கே போனார்கள் என்று ஒவ்வொரு முறையும் எனக்கு மனசு உறுத்தியது.

இரண்டாவது பாகம் இதைத்தான் திருத்துகிறது. முழுக்கத் திருத்தவில்லை. தனிக்கதைகளில் இப்போதும் அவரவர் தனியாகத்தான் நிற்கிறார்கள். ஆனால் இருவர் இருவராகச் சேர்ந்து போகும் கதைகள் புதிதாக வந்திருக்கின்றன: ஹிகாரியும் அக்னியாவும், ஓஷெட்டும் காஸ்டியும், டெமெனோசும் த்ரோனேயும், பார்ட்டிஷியோவும் ஆஸ்வால்டும். இந்தக் கடைசி ஜோடி எனக்கு மிகவும் பிடித்தது. மனைவியையும் மகளையும் கொன்றதாகப் பழி சுமந்து பனித்தீவுச் சிறையில் கிடந்த அறிஞர் ஆஸ்வால்ட், வாய் ஓயாத வியாபாரியோடு நடந்து போவதைப் பார்க்கவே நன்றாக இருக்கிறது. எட்டும் முடிந்த பிறகு வரும் இறுதி அத்தியாயத்தில் எட்டுப் பேரும் ஒரே நெருப்பைச் சுற்றி உட்காருகிறார்கள். முதல் பாகம் கதவுக்குள் பூட்டி வைத்ததை இது நடுத்தெருவில் வைத்துச் சொல்கிறது. யார் ஆடினாலும் அங்கே போய்ச் சேரலாம்.

பார்ட்டிஷியோவைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். வெள்ளிச் சுரங்கத்தால் செழித்து, ஒரு குத்தகைப் பத்திரத்தால் நொடித்துப்போன ஊரில் வளர்ந்தவன். வறுமை என்ற பேயை உலகத்தை விட்டே விரட்டுவேன் என்று கிளம்புகிறான். அவன் தேடிப் போவது நீராவி எஞ்சினின் உரிமையை. செங்கோட்டையில் வளர்ந்தவனுக்கு இது சும்மா கதையாகத் தோன்றாது. 1904-இல் மலையைக் குடைந்து வந்த கொல்லம் பாதை, அகலப்பாதை வேலைக்காக 2010-இல் நின்று, முழுவதும் திரும்ப ஓட 2018 ஆனது. ஒரு ரயில் நின்றால் அதை நம்பிய சந்தையும் டீக்கடையும் சுமைதூக்குபவரும் என்ன ஆவார்கள் என்று எங்களுக்குத் தெரியும். எஞ்சின் யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி என்று பார்ட்டிஷியோ வாதாடும்போது நான் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். முதல் பாகத்தின் வியாபாரி ட்ரெஸ்ஸா நல்ல பெண்தான், ஆனால் அவள் கதையில் இந்த அளவு கனம் இல்லை.

சண்டை முறை இரண்டிலும் ஒன்றே. எதிரியின் பலவீனத்தைக் கண்டுபிடித்து அவன் கேடயத்தை உடைக்க வேண்டும். ஒவ்வொரு முறைக்கும் சேரும், அடியின் பலத்தைக் கூட்டும் பூஸ்ட் புள்ளிகளை ஐந்து வரை சேமித்து, ஒரே நேரத்தில் மூன்று வரை செலவழித்து அடிக்கலாம். இரண்டாவதில் ஒவ்வொருவருக்கும் தனிச் சிறப்புச் சக்தி கூடியிருக்கிறது. த்ரோனே ஒரே முறையில் இரண்டு தடவை செயல்படுவாள், பார்ட்டிஷியோ தன் பூஸ்ட் முழுவதையும் நிரப்பிக்கொள்வான். சண்டையை இரட்டை வேகத்தில் ஓட்டவும் வசதி உண்டு. விளைவு, பாதி ஆட்டத்துக்கு மேல் பாஸ்கள் சட்டென்று விழுந்துவிடுகிறார்கள். அத்தை மகன் குறை சொல்வது இதைத்தான். இந்த ஒரு விஷயத்தில் அவன் சொல்வது சரி.

ஊர்க்காரர்களோடு பழகும் விதத்தில் இரண்டாவது வெகுதூரம் முன்னே போய்விட்டது. ஒரு பட்டனை அழுத்தினால் பகல் இரவாகும். காஸ்டி பகலில் விசாரித்துச் செய்தி அறிவாள், இரவில் மருந்து கொடுத்துத் தூங்க வைப்பாள். வழக்கு விசாரிக்கும் டெமெனோஸ் பகலில் ஆட்களை வழிநடத்துவார், இரவில் மிரட்டி உண்மையைக் கறப்பார். தெருவில் நிற்கும் ஆட்களும் பகலுக்கு வேறு, இரவுக்கு வேறு.

படத்தின் அழகைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. புள்ளி ஓவிய ஆட்களை முப்பரிமாண உலகில் நிறுத்தும் அதே எச்டி-2டி பாணிதான், இரண்டாவதில் ஒளி இன்னும் செழிப்பு. இசை இரண்டிலும் யசுனோரி நிஷிகி. பாஸ் சண்டைக்கு முன் அந்தந்த ஆளின் மெட்டு மெல்ல எழுந்து, அப்படியே போர் இசைக்குள் பாயும் உத்தி முதல் பாகத்திலேயே இருந்தது. அங்கே முதன்முதலில் கேட்ட சிலிர்ப்பை இரண்டாவது எனக்குத் தரவில்லை. ஊர்களின் மெட்டு பகலுக்கும் இரவுக்கும் மாறுவது மட்டும் இதற்கே உரிய அழகு.

எதை எடுத்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். முதலில் தேர்ந்தெடுக்கும் ஆளை அவர் கதை முடியும் வரை அணியிலிருந்து நீக்க முடியாது. பூட்டிய பெட்டிகளைத் திறப்பது திருடர்கள் வேலை. அதனால் முதல் பாகத்தில் தேரியனையும் இரண்டாவதில் த்ரோனேயையும் வைத்துத் தொடங்குங்கள்.